சின்ன மாற்றத்துக்கு மூன்று வாரம் ஏன் ஆகிறது?

கேள்வி: “எங்கள் மென்பொருள் நிறுவனத்தில் 25 பேர். யாரும் சும்மா இருப்பதில்லை. ஆனாலும் ஒரு சின்ன மாற்றம் பயனர் கைக்குப் போய்ச் சேர மூன்று வாரம் பிடிக்கிறது. தினமும் வெளியிட்டு, பார்த்து, திருத்தி முன்னேறும் நிறுவனங்கள் அதை எப்படிச் செய்கின்றன? எங்கிருந்து தொடங்குவது?”

“யாரும் சும்மா இருப்பதில்லை” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சிக்கலில் பாதி அங்கேதான் இருக்கிறது. ஆட்கள் ஓய்வாக இருக்கிறார்களா என்று கவனிக்கும் நிர்வாகம், வேலை எங்கெங்கே ஓய்ந்து கிடக்கிறது என்று பெரும்பாலும் கவனிப்பதில்லை.

கடைசியாக வெளியான ஐந்து மாற்றங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரக்கோடு போடுங்கள். பதிவுப் படிவத்தில் தொலைபேசி எண் கட்டாயமில்லை என்று மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். “செய்யலாமா” என்ற முடிவுக்காக 4 நாள். டிசைனர் கைக்கு வர 3 நாள். கோட் எழுதியபின் இன்னொரு டெவலப்பர் சரிபார்க்கும் ரிவ்யூவுக்காக ஒன்றரை நாள். வெளியிடும் முன் சோதித்துப் பார்க்கும் ஸ்டேஜிங் சர்வரை வேறொரு குழு பிடித்து வைத்திருந்ததால் இன்னும் ஒன்றரை நாள். அடுத்த ரிலீஸ் தேதிவரை 5 நாள். ஆக 15 வேலை நாள், அதாவது 120 மணி நேரம். இதில் யாராவது கை வைத்து வேலை செய்தது ஆறு மணி நேரம் இருந்தால் அதிகம். டெவலப்பர்களை இரண்டு மடங்கு வேகமாகத் தட்டச்சச் சொன்னாலும் மிச்சமாவது சில மணி நேரம்தான். உங்கள் ஐந்து நேரக்கோடுகளும் ஏறக்குறைய இதே கதையைத்தான் சொல்லும்.

காத்திருப்பு இப்படிப் பெருகுவதற்குக் கணக்கு இருக்கிறது. ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதியின்படி, சராசரியாகக் கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, வாரத்துக்கு முடியும் வேலைகளால் வகுத்தால் ஒரு வேலை முடிய ஆகும் நேரம் கிடைக்கும். 30 வேலை நடப்பில் இருந்து வாரத்துக்கு 10 முடிகிறதென்றால், ஒவ்வொன்றுக்கும் 3 வாரம். அதை ஒரு வாரமாக்க இரண்டே வழி: வாரத்துக்கு 30 முடிப்பது, அல்லது கையில் 10 மட்டும் வைத்துக்கொள்வது. முதல் வழிக்கு ஆளும் பணமும் வேண்டும். இரண்டாவதை வரும் திங்கட்கிழமையே தொடங்கலாம்.

கூடவே, ஆட்களை முழுக்க நிரப்பி வைப்பதன் விலையையும் பாருங்கள். எளிய வரிசைக் கணக்கில், ஒருவர் 80% நிரம்பியிருந்தால் அவரிடம் வரும் வேலை, தன் செய்நேரத்தைப்போல 4 மடங்கு காத்திருக்கும். 90% என்றால் 9 மடங்கு, 95% என்றால் 19 மடங்கு. உங்கள் ஒரே டிசைனரும் ஒரே டேட்டாபேஸ் ஆளும் 95 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தால், மற்ற 23 பேர் எத்தனை திறமைசாலிகளாக இருந்தும் பயனில்லை. அந்த இருவரிடம் போகும் வேலையைக் குறைப்பதுதான் முதல் மருந்து. ஆயத்த டிசைன் கூறுகளை வைத்து டெவலப்பர்களே சின்னத் திரைகளை முடிக்கட்டும். டேட்டாபேஸ் மாற்றங்களுக்கு எழுதப்பட்ட விதி இருந்து, அதற்குள் அடங்கினால், தனி அனுமதி வேண்டாம்.

இனி ரிலீஸ். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெளியிடும் குழுவைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. ஒரு டிப்ளாய்க்கு, அதாவது புதிய கோட்டைச் சர்வரில் ஏற்றுவதற்கு, மூன்று மணி நேரக் கைவேலை, ஒரு இரவு விழிப்பு என்றால், மாற்றங்களைச் சேர்த்து வைத்து ஒன்றாக அனுப்புவதுதான் புத்திசாலித்தனம். ஆகவே “நாளையிலிருந்து தினமும் ரிலீஸ்” என்று அறிவிப்பதில் தொடங்காதீர்கள். ஒரு டிப்ளாயின் செலவைக் குறையுங்கள், எண்ணிக்கை தானாகக் கூடும். சேர்த்து அனுப்புவதன் பெரிய கேடு உடைந்தபின்தான் தெரியும். 40 மாற்றம் ஒன்றாகப் போய் ஏதோ உடைந்தால், எது உடைத்தது என்று தேடவே ஒரு நாள் போகும். ஒரே ஒரு மாற்றம் போய் உடைந்தால் தேடல் என்பதே இல்லை, திருப்பி எடுத்தால் போதும். புகைப்படப் பகிர்வுத் தளமான ஃபிளிக்கரின் குழு, நாளுக்கு 10 முறைக்கு மேல் டிப்ளாய் செய்வதாக 2009-இல் ஒரு மாநாட்டில் சொன்னபோது பலருக்கு அது துணிச்சலாகப் பட்டது. சின்னச் சின்னதாக அனுப்புவதே அதன் பாதுகாப்பு.

செலவைக் குறைக்க வேண்டிய முதல் இடம் சிஐ, அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் அமைப்பு. மாற்றத்தைப் பொதுக் கோட்டோடு சேர்க்கும் முன், அதாவது மெர்ஜ் செய்யும் முன், ஓடும் டெஸ்ட்கள் 10 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். அதைத் தாண்டினால் டெவலப்பர் வேறு வேலைக்குத் தாவிவிடுவார், திரும்பி வரும்போது நினைவில் இருந்ததெல்லாம் போயிருக்கும். டெஸ்ட்களை நாலைந்து மெஷின்களில் பிரித்து ஓட்டுங்கள், சார்பு லைப்ரரிகளை ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்காமல் கேஷ் செய்யுங்கள், மெதுவான முழுப்பாதை டெஸ்ட்களில் பத்து பதினைந்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை இரவு ஓட்டத்துக்குத் தள்ளுங்கள்.

அதைவிட முக்கியம், காரணமே இல்லாமல் சில நேரம் விழும் டெஸ்ட்கள். ஒரு டெஸ்ட் ஆயிரத்தில் ஒருமுறை பொய்யாக விழுகிறது என்றால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். அப்படிப்பட்ட 500 டெஸ்ட் இருந்தால், ஒரு ஓட்டத்தில் ஏதாவது ஒன்று பொய்யாக விழும் வாய்ப்பு சுமார் 39%. அப்புறம் சிவப்பு விழுந்தால் “இன்னொரு தடவை ஓட்டு” என்பதே பழக்கமாகிவிடும். உண்மையான பக் அந்தப் பழக்கத்துக்குள் புகுந்துகொண்டு, பயனர்கள் நேரடியாகப் பயன்படுத்தும் தளமான புரொடக்‌ஷனுக்குப் போய்விடும். பொய்யாக விழும் டெஸ்ட்டை அன்றைக்கே தனியே ஒதுக்கி ஒருவர் பெயரில் எழுதுங்கள். இரண்டு வாரத்தில் சரியாகாவிட்டால் அழித்துவிடுங்கள். அழிப்பது தவறென்று தோன்றும். ஆனால் யாரும் நம்பாத டெஸ்ட் ஏற்கெனவே எதையும் காப்பாற்றவில்லை.

கோட்டைச் சேர்க்கக் கேட்டு அனுப்பும் புல் ரிக்வெஸ்ட்டை 200 வரிக்குள் வையுங்கள். 800 வரி வந்தால் ரிவ்யூ செய்பவர் ஒதுக்கி வைப்பார், கடைசியில் படிக்காமலே “நன்றாக இருக்கிறது” என்று எழுதுவார். கோட்டை ஒழுங்குபடுத்தும் மாற்றமும் நடத்தையை மாற்றும் மாற்றமும் ஒரே ரிக்வெஸ்ட்டில் வரக் கூடாது. முதல் பதில் நான்கு மணி நேரத்துக்குள் வர வேண்டும். பிராஞ்ச், அதாவது ஒருவர் தனியே வேலை செய்யும் கோட் நகல், ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் உயிரோடு இருக்கலாம். மூன்று வார பிராஞ்ச், எல்லோருக்கும் பொதுவான கோட்டான மெயினோடு சேரும்போது ஏற்படும் மோதல்கள் தனி வேலையாகிவிடும்.

“மூன்று வார வேலையை இரண்டு நாளில் எப்படி மெர்ஜ் செய்வது?” என்ற கேள்வி உடனே வரும். அதற்குத்தான் ஒரு வசதியை இயக்கவும் அணைக்கவும் உதவும் சுவிட்சான ஃபீச்சர் ஃபிளாக். முடியாத கோட் மெயினில் சேரும், புரொடக்‌ஷனுக்கும் போகும், ஆனால் ஃபிளாக் அணைந்திருப்பதால் பயனர் கண்ணில் படாது. டிப்ளாய் வேறு, வெளியீடு வேறு என்று இரண்டையும் பிரித்துவிட்டால் நள்ளிரவு ரிலீஸ் என்பதே தேவைப்படாது. ஒவ்வொரு ஃபிளாக்குக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு காலாவதித் தேதி. தேதி தாண்டினால் சிஐ எச்சரிக்க வேண்டும். பழைய ஃபிளாக் பெயரை ஒருபோதும் மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

இந்தக் கடைசி விதி ஏன் என்பதற்கு அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேபிட்டல் சாட்சி. 2012 ஆகஸ்ட் 1. பங்கு ஆர்டர்களை அனுப்பும் மென்பொருளுக்குப் புதிய கோட் போட்டார்கள். எட்டு சர்வரில் ஏழில் போட்டவர், ஒன்றை விட்டுவிட்டார். புதிய வசதியை இயக்க, 2003-லிருந்தே பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய வசதியின் ஃபிளாக்கை மறுபடி எடுத்திருந்தார்கள். அந்தப் பழைய கோட் அழிக்கப்படாமல் கிடந்தது. சந்தை திறந்ததும் எட்டாவது சர்வரில் அது விழித்துக்கொண்டு, நிறுத்தமே இல்லாமல் ஆர்டர்களை அனுப்பத் தொடங்கியது. பதறிப்போய், புதிய கோட்தான் காரணம் என்று நினைத்து மற்ற ஏழு சர்வரிலிருந்தும் அதை நீக்கினார்கள். ஃபிளாக் இன்னும் எரிந்துகொண்டிருந்ததால், இப்போது எட்டு சர்வரிலும் பழைய கோட் ஓடியது! சுமார் 45 நிமிடம், 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். சந்தை திறக்கும் முன்பே அந்தப் பழைய வசதியின் பெயரைச் சொல்லி 97 தானியங்கி மின்னஞ்சல்கள் வந்திருந்தன. அவை எச்சரிக்கை என்று வகுக்கப்படாததால் யாரும் பார்க்கவில்லை.

இதைப் படித்துவிட்டு “அதனால்தான் மெதுவாகப் போக வேண்டும்” என்பவர்கள் உண்டு. என் கணிப்பு நேர்மாறானது. அங்கே டிப்ளாய் என்பது ஒரு மனிதர் கையால் எட்டு முறை செய்யும் வேலையாக இருந்தது, எட்டிலும் ஒரே கோட் இருக்கிறதா என்று சரிபார்க்க இரண்டாவது கண் இல்லை, திருப்பி எடுத்தால் என்ன ஆகும் என்று முன்பே பார்த்து வைக்கவும் இல்லை. தினமும் தானியங்கியாக டிப்ளாய் ஆகும் இடத்தில் இந்த மூன்று ஓட்டையும் சீக்கிரமே வெளியே வந்துவிடும். உங்கள் ரோல்பேக்கையும் இப்படிச் சோதியுங்கள்: எதுவும் உடையாத ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சும்மா ஒருமுறை முந்தைய பதிப்புக்குத் திரும்புங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனால் அதைச் சரிசெய்வதே அந்த வார வேலை.

புதிய மாற்றத்தைப் பயனர்களுக்குப் படிப்படியாகத் திறப்பதில் எண்களைக் கண்மூடிப் பின்பற்ற வேண்டாம். “முதலில் 1% பயனருக்கு” என்பது பெரிய நிறுவனங்களின் அளவு. உங்களிடம் 10 நிமிடத்துக்கு 5,000 கோரிக்கை வருகிறது என்றால் 1% என்பது 50. பிழை விகிதம் 0.1 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக எகிறினாலும் அந்த 50-இல் எதிர்பார்க்கக்கூடியது ஒரே ஒரு பிழை. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சின்ன நிறுவனத்துக்கு முதலில் சொந்த ஊழியர்கள், அடுத்து 10 அல்லது 20%, அரை மணி நேரம் கவனித்து 50, பிறகு முழுசு என்பது பொருந்தும். பார்க்க வேண்டியது பிழை விகிதமும் தாமதமும் மட்டும் போதாது. பதிவு, கட்டணம், உள்நுழைவு ஆகியவற்றின் நிமிட எண்ணிக்கையையும் பாருங்கள். சேமி என்ற பொத்தான் திரையிலிருந்தே மறைந்துபோனால் பிழை விகிதம் ஏறாது, குறையத்தான் செய்யும்.

மென்பொருளின் அமைப்புகளைச் சொல்லும் கான்ஃபிகரேஷனும் கோட்தான். 2024 ஜூலை 19-இல் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் ஒரு உள்ளடக்கக் கோப்பை வாடிக்கையாளர் கணினிகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்பியது. படிப்படியான வெளியீடு அந்த வகைக் கோப்புகளுக்கு இல்லை. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள், ஆனால் அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டன. முடங்கியவற்றில் ஏராளமானவற்றை ஆளே போய் உட்கார்ந்து மீட்க வேண்டியிருந்தது. “இது வெறும் டேட்டாதானே” என்று தனிக் குறுக்குவழியில் போகும் எதுவும் உங்களிடம் இருந்தால், இன்றே அதையும் டிப்ளாய் பாதைக்குள் கொண்டுவாருங்கள்.

வேகமாகச் சுற்ற நினைக்கும் குழுக்கள் அதிகம் முட்டிக்கொள்ளும் இடம் டேட்டாபேஸ். கோட்டை நொடியில் திருப்பலாம், அழித்த நெடுவரிசையைத் திருப்ப முடியாது. ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றுவது ஒரே கட்டளை போலத் தெரியும். டிப்ளாய் நடக்கும் சில நிமிடம் பழைய கோட்டும் புதிய கோட்டும் ஒன்றாக ஓடும், ஏதாவது ஒன்று உடையும். சரியான முறைக்கு நான்கைந்து டிப்ளாய் வேண்டும். புதிய நெடுவரிசையை வெறுமையாகச் சேருங்கள். அடுத்து, கோட் இரண்டிலும் எழுதட்டும், பழையதிலிருந்தே படிக்கட்டும். பிறகு பழைய வரிசைகளை ஒருமுறைக்கு ஆயிரம் முதல் ஐயாயிரம் வரை, நடுவே சிறு இடைவெளி விட்டு நகலெடுங்கள். இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று எண்ணிப் பார்த்தபின் படிப்பதைப் புதியதுக்கு மாற்றுங்கள். ஓரிரு வாரம் ஓடியபின் பழையதில் எழுதுவதை நிறுத்தி, அதற்கடுத்த டிப்ளாயில் அழியுங்கள். ஒவ்வொரு படியிலும் முந்தைய பதிப்புக்குத் திரும்ப முடியும் என்பதே இத்தனை சுற்றுக்கும் காரணம்.

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் வைத்திருந்தால் ஒரு தனி எச்சரிக்கை. அட்டவணையின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளை பல நேரம் கண் இமைக்கும் நேரத்தில் முடியும் வேலைதான், ஆனால் அதற்கு அட்டவணையின் முழுப் பூட்டு வேண்டும். யாரோ ஓட்டிய 10 நிமிட அறிக்கை வினவல் அந்த அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தால், உங்கள் கட்டளை அதற்குப் பின்னால் நிற்கும். உங்கள் கட்டளைக்குப் பின்னால் வரும் எல்லா வினவல்களும், சாதாரணப் படிப்புகள் உட்பட, வரிசையில் நிற்கும். தளம் 10 நிமிடம் செத்துப்போகும். இப்படி டேட்டாபேஸை மாற்றும் மைக்ரேஷன் ஓட்டும் இணைப்பில், பூட்டுக்காகக் காத்திருக்கும் உச்ச நேரமான லாக் டைம்அவுட்டை 2 நொடி என்று வைத்து, தோற்றால் சற்றுப் பொறுத்து மறுபடி முயலும்படி எழுதுங்கள். தேடலை வேகப்படுத்தும் இண்டெக்ஸ் சேர்ப்பதென்றால், எழுதுவதைத் தடுக்காமல் அதை உருவாக்கும் கன்கரண்ட்லி என்ற சொல் இல்லாமல் வேண்டாம். அது நடுவில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்றை விட்டுச் செல்லும், அதை நீக்கிவிட்டுத்தான் மறுபடி ஓட்ட வேண்டும்.

மொபைல் செயலி என்றால் ரோல்பேக்கே கிடையாது, போன பதிப்பு போனதுதான். ஆப் ஸ்டோரின் படிப்படியான வெளியீடு, தானாகப் புதுப்பிப்பவர்களுக்கு 7 நாளில் 1, 2, 5, 10, 20, 50, 100 சதவீதம் என்று போகும். நடுவில் நிறுத்தி வைக்கலாம், ஆனால் ஏற்கெனவே வாங்கியவரிடமிருந்து பிடுங்க முடியாது. அதனால் மாறக்கூடிய எல்லாவற்றையும் சர்வர் பக்கம் வையுங்கள். “இந்தப் பதிப்பு இனி இயங்காது, புதுப்பிக்கவும்” என்ற திரையை முதல் பதிப்பிலேயே சேருங்கள். தேவைப்படும் நாளில் சேர்க்க முடியாது.

இதுவரை சொன்னதெல்லாம் மாற்றத்தை வெளியே தள்ளும் பாதி. மறுபாதியில்தான் நிறைய நிறுவனங்கள் ஏமாந்துபோகின்றன: தினமும் வெளியிடுகிறார்கள், எதையும் கற்றுக்கொள்வதில்லை. மைக்ரோசாஃப்டில் சோதித்துப் பார்த்த யோசனைகளில் மூன்றில் ஒரு பங்குதான் நினைத்த அளவீட்டை உயர்த்தியது, ஒரு பங்கு எந்த மாற்றமும் தரவில்லை, ஒரு பங்கு கெடுத்தது என்று அங்கே சோதனைப் பிரிவை நடத்திய ரான் கோஹாவி எழுதியிருக்கிறார். உங்கள் யோசனைகள் அதைவிட உயர்ந்தவை என்று நம்பக் காரணம் வேண்டும். வெளியிடும் முன் நாலு வரி எழுதிவையுங்கள்: எந்த எண் மாறும், எவ்வளவு மாறும், எந்தத் தேதியில் பார்ப்போம், மாறாவிட்டால் நீக்குவோமா. அந்தத் தேதி ஒருவர் நாட்காட்டியில் இருக்க வேண்டும். மாறாத வசதியை நீக்கும் துணிவு இல்லாவிட்டால், ஒரு வருடத்தில் செயலி முழுக்கப் பயனற்ற பொத்தான்களாகி, அடுத்த ஒவ்வொரு மாற்றமும் அவற்றைச் சுற்றிச் சுற்றியே நடக்கும்.

பயனர்களை இரண்டு பிரிவாக்கி, இரண்டு வடிவங்களைக் காட்டி ஒப்பிடும் ஏ/பி சோதனை எல்லோருக்கும் பொருந்தாது. தோராயக் கணக்கு: ஒரு பிரிவுக்குத் தேவையான ஆட்கள் = 16 × வி × (1 − வி) ÷ வேறுபாட்டின் வர்க்கம். இங்கே வி என்பது இப்போதைய விகிதம். பதிவு விகிதம் 5 சதவீதமாக இருந்து அது 6 ஆவதைக் கண்டுபிடிக்க, பிரிவுக்கு 7,600 பேர் வேண்டும். 5 ஐந்தரை ஆவதைப் பிடிக்க 30,400 பேர். வாரத்துக்கு 2,000 பேர் வரும் தளத்தில் அந்த இரண்டாவது சோதனை முடிய ஏழு மாதம் ஆகும். அப்படிப்பட்ட இடத்தில் பொத்தான் நிறத்தைச் சோதிப்பது வீண். பெரிய வேறுபாடு தரக்கூடிய மாற்றங்களை மட்டும் எடுங்கள், வாரத்துக்கு ஐந்து பயனர் செயலியைப் பயன்படுத்துவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். சோதனை ஓட்டும் அளவுக்குக் கூட்டம் இருந்தால், தினமும் எட்டிப் பார்த்து “ஜெயித்துவிட்டது” என்ற அன்றே நிறுத்தும் பழக்கம் வேண்டாம். அப்படிச் செய்தால், இல்லாத வேறுபாட்டை இருப்பதாக எண்ணிவிடும் வாய்ப்பு, 5% என்று நினைத்தது, பல மடங்காகும்.

நிறுவன அமைப்புக்கு வருவோம். ஒரு மாற்றம் நாலு குழுவைத் தாண்டித்தான் வெளியே வரும் என்றால், மேலே சொன்ன எந்தக் கருவியும் உதவாது. திரை, சர்வர், டேட்டா மூன்றையும் தொடக்கூடிய ஐந்தாறு பேர் கொண்ட குழுவுக்குப் பதிவு, கட்டணம் என்று ஒரு முழுப் பகுதியைக் கொடுங்கள். அவர்கள் எழுதியது இரவில் விழுந்தால் அழைப்பு அவர்களுக்கே போகட்டும். இரண்டு மாதத்தில் எச்சரிக்கைகளின் தரமே மாறிவிடும். மாற்றங்களை வெளியில் இருக்கும் ஒரு குழு கூடி அனுமதிக்கும் முறை, வேகத்தைக் குறைக்கிறது, தோல்வி விகிதத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை என்பது மென்பொருள் குழுக்களின் செயல்திறனை ஆராயும் டோரா ஆய்வுகளின் முடிவு. பக்கத்து இருக்கைக்காரரின் ரிவ்யூ போதும்.

முடிவுகளை இரண்டாகப் பிரியுங்கள். திரும்ப முடிந்த முடிவுகளை அந்தக் குழுவே, அன்றே எடுக்கட்டும். வெளியார் மென்பொருள் உங்களுடையதோடு பேசும் வழியான ஏபிஐயின் வடிவம், விலை, பயனர் தரவை அழிப்பது, கடவுச்சொல் சேமிப்பு, பணக் கணக்கு ஆகியவை திரும்ப முடியாதவை. இவற்றுக்கு ஒரு வாரம் யோசிப்பது தாமதமாகாது. பணக் கணக்கு மாறினால், புதிய கோட்டைப் பழையதோடு சேர்த்து நிழலாக ஓட்டி, ஒரு முழு மாதக் கணக்கில் இரண்டின் விடையும் காசு சுத்தமாக ஒத்துப்போகிறதா என்று ஒப்பிட்டபிறகே மாற்றுங்கள். “வேகமாகப் போ, உடைத்தாலும் பரவாயில்லை” என்று சொல்லிக்கொண்டிருந்த ஃபேஸ்புக்கே 2014-இல் அதை “நிலையான கட்டமைப்போடு வேகமாகப் போ” என்று மாற்றிக்கொண்டது.

உங்கள் 25 பேருக்கு நான் சொல்லும் வரிசை இது. முதல் இரண்டு வாரம் நேரக்கோடும், கையில் இருக்கும் வேலைக்கு உச்சவரம்பும் மட்டும். அடுத்த மாதம் சிஐ, ஒரே கட்டளையில் டிப்ளாய், ஒரே கட்டளையில் ரோல்பேக். அதன்பின் ஃபிளாக், படிப்படியான திறப்பு. குழுக்களை மாற்றி அமைப்பதைக் கடைசியில் வையுங்கள், ஏனென்றால் டிப்ளாய் வலிக்கும்போது குழுவை மாற்றினால் வலி எல்லாக் குழுவுக்கும் பரவும். அளக்க நான்கு எண் போதும்: எத்தனை முறை டிப்ளாய், கோட் எழுதி முடித்ததிலிருந்து புரொடக்‌ஷன் வரை எவ்வளவு நேரம், எத்தனை சதவீதம் உடைந்தது, உடைந்தது சரியாக எவ்வளவு நேரம். இவற்றை எந்தத் தனி ஆளின் மதிப்பீட்டிலும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அடுத்த வாரமே ஒரே மாற்றம் நாலு டிப்ளாயாகப் பிரிந்து வரும், உடைந்தவை “உடையவில்லை” என்று பதிவாகும்.

உச்சவரம்பு எங்கே உடையும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வரம்பு 10 என்று வைத்த மூன்றாவது நாள், ஒரு பெரிய வாடிக்கையாளர் கேட்டார் என்று பதினொன்றாவது வேலையோடு ஒருவர் வருவார். பெரும்பாலும் அவர் நிறுவனராகத்தான் இருப்பார். அவரிடம் பத்து வேலையின் பட்டியலைக் காட்டி, எதை வெளியே எடுக்கலாம் என்று கேட்க ஒருவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும். வரம்பை அறிவிக்கும் கூட்டத்திலேயே அவர் பெயரையும் நிறுவனர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.